கோடையில் இதய நோயுள்ள நாய்: திருவனந்தபுரத்துக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

நம் சங்கத்து அன்பர்கள் பலர் வீட்டில் நாய் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் படித்த காலத்தில் அவர்களுடைய பிடிவாதத்துக்காக வாங்கியவை. பிள்ளைகள் பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள்; நாய் நம்மிடம் நின்றுவிட்டது. அதற்கும் இப்போது பத்து, பன்னிரண்டு வயது. ஊசி போடக் கொண்டுபோன இடத்தில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, “ஹார்ட்டில் ஒரு சத்தம் கேட்கிறது, ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்” என்கிறார். மாத்திரை தொடங்குகிறது. மாசி பிறந்து வெயில் ஏறியதும் நாய் இரவு பகலாக இரைக்கிறது. இது நோயா, வெயிலா என்று வீட்டாருக்குத் தெரிவதில்லை.

எங்கள் வீட்டு மணியும் அந்தக் கணக்கில் சேர்ந்தவன்தான். நாம் பொமரேனியன் என்று சொல்லும் வெள்ளை நாய். உண்மையில் அவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வகை. மணிக்கு வால்வு நோய் என்று தெரிந்த பிறகு இரண்டு கோடைகளைக் கடந்திருக்கிறோம். நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் இருப்புப் பாதை பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்ற டிப்ளமாக்காரன். டாக்டர்களிடம் கேட்டதையும், படித்ததையும், வீட்டில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் நாய் தன்னை எப்படிக் குளிர்வித்துக்கொள்கிறது என்று பார்ப்போம். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்வை உண்டு, அது போதாது. நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக இரைக்கும்போது வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகி, அந்த வழியாக உடல் சூடு வெளியேறுகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆவியாவதற்குக் காற்றில் இடம் வேண்டும். வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருந்தால் நாய் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. இரைப்பதும் ஒரு உழைப்பு. அந்த உழைப்பே மேலும் சூட்டை உண்டாக்கும்.

நம் ஊரின் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. திருநெல்வேலியில் சித்திரை மாதம் வெப்பமானி 38, 39 காட்டும்; காற்று வறண்டிருக்கும். திருவனந்தபுரத்தில் 33, 34தான் காட்டும். ஆனால் துவைத்த துணி நிழலில் காய ஒரு பகல் ஆகும். “நம்ம ஊரை விட இங்கே வெயில் குறைவுதானே” என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நாய்க்கு அப்படி இல்லை. 2024 ஏப்ரலில் பாலக்காடு 41 டிகிரியைத் தாண்டி வெப்ப அலை எச்சரிக்கை வந்தபோது எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். கடலோர ஊர்களில் வெப்பம் 37 டிகிரியாவது ஆகி, வழக்கத்தை விடவும் நன்றாகக் கூடினால்தான் வானிலைத் துறை வெப்ப அலை என்று அறிவிக்கும். ஆகவே பத்திரிகையில் அந்தச் சொல் வரவில்லை என்பதற்காக நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2023 மார்ச்சில் வெப்பச் சுட்டெண் வரைபடம் வெளியிட்டது. ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு உடம்பு உணரும் சூட்டைச் சொல்வது அது. நாய் வளர்ப்பவர் அந்தக் கணக்கைத்தான் கவனிக்க வேண்டும். என் அனுபவத்தில் மிக மோசமான நாட்கள் மார்ச்சில் வருவதில்லை. எடவப்பாதி தொடங்குவதற்கு முந்தைய வாரம், மேகம் கட்டி, காற்று நின்று, மழையும் பெய்யாமல் புழுங்குமே, அந்த நாட்கள்தான்.

இனி இதயத்துக்கு வருவோம். வயதான சிறு நாய்களுக்கு அதிகமாக வருவது மைட்ரல் வால்வு தடித்துச் சரியாக மூடாமல் போகும் நோய். டாபர்மன், கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களில் இதயத்தசையே தளர்ந்து விரிவது அதிகம். வால்வு மூடாவிட்டால் இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரத்தம் பின்னால் இடது மேலறைக்கே திரும்புகிறது. அந்த அறை பெருக்கிறது, அழுத்தம் கூடுகிறது, கடைசியில் நுரையீரலில் நீர் கோர்க்கிறது. வெயில் காலத்தில் உடல் சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் நாக்குக்கும் கூடுதல் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே கசியும் பம்பின் தலையில் இன்னொரு குழாயையும் மாட்டியது போல. சூட்டை வெளியேற்றும் வேலையும் நுரையீரல் வழியாகத்தான் நடக்க வேண்டும். நீர் கோர்ப்பதும் அங்கேதான். பைமோபென்டான் என்ற மருந்து இன்று பல நாய்களுக்கு நாளைக் கூட்டித் தருகிறது. 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இதயம் பெருத்தும் அறிகுறி இன்னும் தொடங்காத நாய்களில் இதயச் செயலிழப்பு வருவதை இது சராசரி 15 மாதம் தள்ளிப்போட்டது. ஆகவே கோடையை ஒழுங்காகக் கடத்திவிட்டால் நாய்க்கு நல்ல காலம் பாக்கி இருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது மூச்சை எண்ணுவது. நாய் நன்றாகத் தூங்கும்போது மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் நல்லது. இரைக்கும்போது எண்ணிப் பயனில்லை. கனவு கண்டு காலை உதறும்போதும் எண்ண வேண்டாம். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மணியின் கணக்கு 18-க்கும் 22-க்கும் நடுவில் நிற்கும். அவன் 28 காட்டினால் அது 30-க்குள்தானே என்று நான் இருக்க மாட்டேன். அவனுடைய வழக்கத்துக்கு அது அதிகம். அன்றே டாக்டருக்கு போன் செய்வேன்.

கோடையில் ஒரு சிக்கல்: சூடே மூச்சைக் கூட்டும். ஆகவே விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு, வீடு நன்றாக ஆறியிருக்கும்போது எண்ணுங்கள். அந்த வேளையிலும் கணக்கு ஏறியிருந்தால் வெயிலின் மேல் பழி போடாதீர்கள்.

இருப்புப் பாதையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. காற்றின் வெப்பம் என்ன என்று நாங்கள் கேட்பதில்லை; தண்டவாளத்தில் வெப்பமானியை ஒட்டி இரும்பின் சூட்டை எடுப்போம். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் எந்த வெப்பநிலையில் அழுத்தம் நீக்கி இறுக்கப்பட்டதோ, அதை விட 20 டிகிரி கூடினால் கோடை ரோந்து தொடங்க வேண்டும் என்பது விதி. பாதை வளைந்த பிறகு ஆள் அனுப்புவதில்லை. வானொலியில் எத்தனை டிகிரி சொன்னார்கள் என்பதை விட உங்கள் நாயின் மார்பு என்ன சொல்கிறது என்பதே நமக்கு வேண்டியது.

பகலில் இரைப்பு வந்தால் சோதிக்க ஒரு வழி உண்டு. குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் 15, 20 நிமிடம் விடுங்கள். வெயில் இரைப்பானால் தணிந்து வாயை மூடிப் படுத்துவிடும். தணியாமல், படுக்க மறுத்து, கழுத்தை நீட்டி, முன்னங்கால் முட்டிகளை அகற்றி உட்கார்ந்து, வயிறு உள்வாங்கி மூச்சு விட்டால் அது இதயத்தின் வேலை. ஈறு வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ, இருமலில் இளஞ்சிவப்பு நுரை வந்தாலோ 20 நிமிடமெல்லாம் பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.

வீட்டுக்குள் எங்கே படுக்க வைப்பது? மாடியில் வேண்டாம். கான்கிரீட் கூரை பகலெல்லாம் குடித்த சூட்டை இரவு பத்து மணிக்கும் உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். மேலே ட்ரஸ் போட்டு ஷீட் வேய்ந்திருந்தால் பரவாயில்லை. கரமனை, வலியசாலைப் பக்கத்துப் பழைய வீடுகளில் உள்ள சிவப்புச் சிமெண்ட் தரைக்கு இணையான படுக்கை கிடையாது. மொசைக்கும் நல்லது. மெத்தையை எடுத்துவிட்டு வெறும் தரையில் விடுங்கள்; மூட்டுவலி உள்ள கிழ நாய்க்கு மட்டும் பக்கத்தில் ஒரு பாய்.

மதுரை, திருநெல்வேலி உறவினர்கள் ஏர் கூலர் வாங்கச் சொல்வார்கள். அங்கே அது நன்றாக வேலை செய்யும். இங்கே மூடிய அறையில் வைத்தால் ஈரத்தை மேலும் கூட்டி நாயின் இரைப்பைப் பயனற்றதாக்கும். ஏ.சி. இருந்தால் 26, 27-ல் வையுங்கள். அது ஈரத்தையும் வடித்துவிடுவதால், அந்தச் சொட்டுகிற தண்ணீரே நாய்க்குச் செய்யும் உதவி. ஏ.சி. இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வெறும் ஃபேன் காற்று, வியர்க்காத நாய்க்கு அவ்வளவு உதவாது. ஈரத்துணியால் வயிறு, அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகியவற்றைத் துடைத்துவிட்டு ஃபேன் போட்டால் உதவும். ஈரத் துண்டை மேலே போர்த்தி அப்படியே விட்டுவிடக் கூடாது; கொஞ்ச நேரத்தில் அது சூடேறிக் கம்பளி ஆகிவிடும். வெள்ளை முடியை மொட்டையடிப்பதும் வேண்டாம். உள்முடியைச் சீப்பால் வாரி எடுத்தால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்கள் சிலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. நுரையீரலில் நீர் கோர்க்கும் நோய்தானே, தண்ணீரைக் குறைப்போம் என்கிறார்கள். கூடவே கூடாது. லாசிக்ஸ் போன்ற மாத்திரை சாப்பிடும் நாய் அதிகம் சிறுநீர் கழிக்கும், அதிகம் குடிக்கும். கோடையில் தண்ணீரை மறைத்தால் சிறுநீரகம் கெடும். வீட்டில் மூன்று இடத்தில் மண்சட்டியில் வையுங்கள். வாந்தி, பேதி வந்தாலோ, சாப்பிடாமல் கிடந்தாலோ, நீர் பிரிக்கும் மாத்திரையை அன்று கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

இளநீர் கொடுக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. கேரளத்தில் குடியிருந்துகொண்டு இளநீர் வேண்டாம் என்று சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரைகள் பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைப்பவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். டாக்டர் சம்மதித்தால் மட்டும் கொடுங்கள். உப்புப் போட்ட மோர், தயிர்சாதம், அப்பளம், கருவாடு, ஓ.ஆர்.எஸ். கரைசல் எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. உப்பில்லாத கஞ்சித் தண்ணீரை ஆறவைத்துக் கொடுக்கலாம்.

உடம்பு சுடுகிறதே என்று மனிதர் மாத்திரை கொடுப்பவர்களும் உண்டு. நாயின் சாதாரண உடல் வெப்பமே 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட், நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும். வெயில் சூட்டைப் பாராசிட்டமால் இறக்காது. இபுப்ரோஃபென் நாய்க்கு நஞ்சு.

நடைக்கு ஆறரை மணிக்கு முன்பும் ஏழு மணிக்குப் பின்பும் போதும். முற்றத்து இன்டர்லாக் கல்லில் புறங்கையை ஏழு வினாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது. கழுத்துப் பட்டையை மாற்றி மார்புப் பட்டை போடுங்கள். பெருத்த இதயம் மூச்சுக்குழாயை நெருக்கும் நாய்க்குக் கழுத்தில் இழுப்பு கூடாது.

ஆற்றுகால் பொங்கல் நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும். மணக்காடு, கோட்டை, கரமனைப் பகுதிகளில் நம் வீட்டு வாசலிலேயே செங்கல் அடுப்புகள் வரிசையாக எரியும். நம் வீட்டுப் பெண்களும் பொங்கலிடுகிறார்கள்; புண்ணிய காரியம். ஆனால் புகையும் தீயும் உச்சி வெயிலும் ஒன்றாகச் சேரும் அந்த நாளில் நாய் மூச்சுத் திணறினால் வண்டி தெருவை விட்டு வெளியே போக முடியாது. முதல் நாள் மாலையே பேரூர்க்கடை, ஸ்ரீகாரியம் போன்ற தொலைவான இடத்தில் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிடுவது நல்லது. முடியாதவர்கள் பின்கட்டு அறையை அடைத்து ஈரத்துணியால் இடுக்குகளை மூடி வையுங்கள்.

வெயில் தாக்கி நாய் தள்ளாடினால் முதலில் குளிர்வித்துவிட்டுப் பிறகு வண்டியில் ஏற்றுங்கள். குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி வேகமாக ஃபேன் காற்றுப் பட விடுங்கள். தொட்டியில் அமிழ்த்துவது இளம் நாய்க்குச் சரி, இதய நோயாளிக்கு வேண்டாம். வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. வெப்பம் 103-க்கு இறங்கியதும் நனைப்பதை நிறுத்தலாம். குடப்பனக்குன்னில் அரசின் பல்துறை மிருகாசுபத்திரி இருக்கிறது. இரவில் எங்கே டாக்டர் இருப்பார், ஆக்சிஜன் எங்கே உண்டு என்பதை இன்றே விசாரித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, மே மாத ஊர்ப் பயணம். கோயில் கொடை, கல்யாணம் என்று போகாமல் இருக்க முடியாது. ரயிலில் நாயைப் படுக்கை வகுப்பிலும், ஏ.சி. இரண்டடுக்கு, மூன்றடுக்கிலும் ஏற்ற அனுமதியில்லை. முதல் வகுப்பில் கூப்பே முழுவதையும் நம் பெயரில் எடுத்தால் கூட வரலாம். இல்லையென்றால் கார்டு வண்டியில் உள்ள நாய்ப்பெட்டிதான் (கார்டை இப்போது டிரெயின் மேனேஜர் என்கிறார்கள்). ரயில்வேக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: கோடையில் இதய நோயுள்ள நாயை அந்த இரும்புப் பெட்டியில் வைக்காதீர்கள். மூச்சு முட்டினால் பார்க்க ஆள் இருக்காது.

காரில் திருநெல்வேலி சுமார் 150 கிலோமீட்டர். காலை நாலு மணிக்குப் புறப்பட்டால் ஆரல்வாய்மொழி கடக்கும்போதுகூட வெயில் ஏறியிருக்காது. வழியில் காப்பிக்கு நிறுத்தினால் ஒருவர் நாயோடு வெளியே நிற்க வேண்டும். நிறுத்திய காருக்குள் அரை மணியில் 18 டிகிரி வரை சூடு ஏறும். மாத்திரைகளை டாஷ்போர்டில் வைக்காமல் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பைமோபென்டான் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்பு தர வேண்டியது. விருந்து வீட்டு அமளியில் அந்த வேளை தவறிப்போகும், ஆகவே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். போய்ச் சேர்ந்த முதல் விடியற்காலையே மூச்சை எண்ணி, ஊர்ப்பெயரோடு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். காற்று மாறினால் கணக்கும் மாறுகிறதா என்று திரும்பி வந்ததும் டாக்டர் கேட்பார்.