கைத்தடி எந்தக் கையில்?

கேள்வி: முதியோர் இல்லத்தில் பணிபுரிகிறேன். வலது முழங்கால் தளர்ந்த பெரியவர் ஒருவர் வலக்கையிலேயே தடி ஊன்றுகிறார். சரியா?
– வாசகி, சேத்தியாத்தோப்பு

பதில்: அநேகர் அப்படித்தான் ஊன்றுகிறார்கள், அம்மணி; ஆயினும் தடி இடக்கைக்கு மாறி, தளர்ந்த காலும் தடியும் ஒருசேர முன்செல்ல, சரீர பாரத்தில் ஒரு பங்கைத் தடி ஏற்றபின் நல்ல கால் சாவகாசமாகத் தொடர்வதே முறை. செருப்பணிந்து நிமிர்ந்து நின்று அவர் கையைத் தொங்கவிடும்போது, தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பளவில் இருக்கட்டும். படியேறுகையில் நல்ல கால் முதலில்; இறங்குகையில் தடியும் தளர்ந்த காலும் முதலில். தாங்கள் அவருக்கு வலப்புறம் சற்றுப் பின்னே வாருங்கள். வெள்ளாற்றங்கரை மழைக்காலத்தில் ஈரத்தரை பொல்லாதது. தடியின் அடிரப்பர் தேய்ந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். வறிய முதியோருக்கு, 2017இல் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டத்தில் கைத்தடி இலவசமாகவே கிடைக்கும்.