விட்டது தவறா?

கேள்வி: காயப்போட்ட கருவாட்டை அள்ளிய பையனைப் பிடித்தோம். மரத்தில் கட்டி அடிக்கச் சொன்னார்கள். நான் விட்டுவிட்டேன். தவறா?
– வாசகர், அக்காள்மடம்

பதில்: இல்லவே இல்லை. படித்ததும் கேரளத்து அட்டப்பாடி மதுதான் நினைவுக்கு வந்தார். 2018 பிப்ரவரியில், அரிசி திருடினார் என்று அந்தப் பழங்குடி இளைஞரின் கைகளைக் கட்டி, செல்ஃபி எடுத்து, அடித்தே கொன்றார்கள். 2023இல் 13 பேருக்கு 7 ஆண்டுச் சிறை. பசித்தவனோடு படம் எடுக்க எப்படி மனம் வந்ததோ!

சட்டத்திலும் இரக்கத்துக்கு இடமுண்டு. பாரதிய நியாய சன்ஹிதா 303ஆம் பிரிவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் தண்டனை சமூக சேவைதான். கருவாட்டை நம்பி வயிற்றைக் கழுவும் வீட்டுக்கு அந்த இழப்பும் சிறிதல்ல. மறுபடி வந்தால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். அடி மட்டும் வேண்டாம். அனுப்பும் முன், சாப்பிட்டாயா என்று கேட்டீர்களா?