120 நாள் என்றைக்கு முடியும்? – டேட்டாபேஸில் தேதிக் கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போகத்துக்கு ஜூன் 1-ஆம் தேதி பெரியாறு தண்ணீரைத் திறப்பது வழக்கம். மழை ஏமாற்றிய வருடங்களில் தேதி தள்ளிப்போகும், அது வேற கதை. 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு 120 நாள் தண்ணீர் என்று அறிவிப்பு வரும். இப்ப ஒரு சின்னக் கேள்வி: ஜூன் 1 திறந்தால் 120 நாள் என்றைக்கு முடியும்?

டேட்டாபேஸில் ஜூன் 1-உடன் 120 நாளைக் கூட்டினால் செப்டம்பர் 29 என்று வரும். காலண்டரைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறவர் ஜூன் 1-ஐயே முதல் நாளாக எடுப்பார். அவருக்கு 120-ஆவது நாள் செப்டம்பர் 28. அதே செப்டம்பர் 28-லிருந்து ஜூன் 1-ஐக் கழித்தால் கம்ப்யூட்டர் 119 என்கிறது. ஷட்டரைத் தூக்கியது காலை பத்து மணி என்றால், 120 முழு நாள் ஓடி முடிவது செப்டம்பர் 29 காலை பத்து மணிக்கு. யாரும் தப்பாக எண்ணவில்லை. ஆளாளுக்கு எண்ணியது வேற வேற பொருள்.

ஒரு நாள்தானே என்று விட முடியாது. விநாடிக்கு 200 கன அடி வீதம் திறந்தால் ஒரு நாள் தண்ணீர் என்பது 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் கன அடி.

டிபிஎம்எஸ் லேபில் "இரண்டு தேதிக்கு நடுவே எவ்வளவு காலம்" என்று ஒரு பயிற்சி கட்டாயம் இருக்கும். ரெக்கார்டில் ஒரு ஃபங்ஷனை எழுதி, அவுட்புட்டை ஒட்டி, கையெழுத்து வாங்கிவிடுகிறோம். அந்தப் பயிற்சி சொல்லித் தராத விஷயம் ஒன்று இருக்கு. "எவ்வளவு காலம்" என்பதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எத்தனை நாள் கழிந்தது? எத்தனை முழு வருடம் (அல்லது மாதம்) நிறைந்தது? எத்தனை தடவை காலண்டர் மாறியது? நாம் டைப் செய்கிற ஃபங்ஷன் இதில் எதற்குப் பதில் சொல்கிறது என்று தெரியாமல் வாங்கிய எண்ணை நம்பக் கூடாது.

நம்ம ஊர்த் தேதிகளையே வைத்துச் சோதிப்போம். பெரியாறு குத்தகைப் பத்திரம் கையெழுத்தான நாள் 29.10.1886. பென்னிகுக் கட்டிய அணையிலிருந்து ஆளுநர் வென்லாக் தண்ணீரைத் திறந்துவைத்த நாள் 10.10.1895. நடுவே எவ்வளவு காலம்?

மை எஸ்க்யூஎல்லின் டேட்டிஃப் ஃபங்ஷன் 3268 நாள் என்கிறது. அதே மை எஸ்க்யூஎல்லில் டைம்ஸ்டாம்ப்டிஃப் போட்டு வருடத்தில் கேட்டால் 8. ஒன்பதாவது வருடம் நிறைய இன்னும் 19 நாள் இருக்கே, அதனால் சரிதான். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் வருடத்தில் கேட்டால் 9 வரும். ஏனென்றால் அது நிறைந்த வருடத்தை எண்ணுவதில்லை; எத்தனை ஜனவரி 1 தாண்டியது என்று எண்ணுகிறது. அதன்படி டிசம்பர் 31 ராத்திரி பிறந்த குழந்தைக்கு மறுநாள் காலை ஒரு வயசு! வயது வரம்பு பார்க்கிற விண்ணப்பத்தில் இதைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்க.

இன்னொரு பொறி: இரண்டிலும் ஃபங்ஷன் பெயர் ஒன்றேதான், ஆனால் மை எஸ்க்யூஎல்லில் முடிவுத் தேதி முன்னால் வரணும், எஸ்க்யூஎல் சர்வரில் தொடக்கத் தேதி முன்னால் வரணும். மாற்றிப் போட்டால் மைனஸில் வரும். மைனஸ் வந்தால் கண்ணில் பட்டுவிடும், அது நல்லதுதான். கண்ணில் படாதது வேற ஒன்று. மை எஸ்க்யூஎல்லில் இரண்டு தேதி ஃபீல்டுகளை வெறும் கழித்தல் குறி போட்டுக் கழித்தால், அது தேதியை எட்டு இலக்க எண்ணாக மாற்றிக்கொள்கிறது. 2024 ஜூலை 1-லிருந்து ஜூன் 1-ஐக் கழித்தால் 20240701-லிருந்து 20240601 போய் மிச்சம் 100 வரும். உண்மை விடை 30. எர்ரர் எதுவும் காட்டாது. போஸ்ட்கிரஸிலும் ஆரக்கிளிலும் இதே கழித்தல் ஒழுங்காக 30 தரும் என்பதால், ஒன்றில் பழகி இன்னொன்றுக்குப் போகிறவர்கள்தான் மாட்டுவார்கள்.

போஸ்ட்கிரஸில் "ஏஜ்" என்று ஒரு ஃபங்ஷன் இருக்கு. வருடம், மாதம், நாள் என்று பிரித்தே தரும். பெரியாறு தேதிகளைக் கொடுத்தால் 8 வருடம், 11 மாதம், 12 நாள். பேப்பரில் போட்டுப் பாருங்க: 29.10.1886-லிருந்து 8 வருடம் போனால் 29.10.1894, அங்கிருந்து 11 மாதம் போனால் 29.9.1895, அங்கிருந்து அக்டோபர் 10 வரை 11 நாள். ஒரு நாள் குறைகிறதே? போஸ்ட்கிரஸ் கடன் வாங்குகிற மாதம் வேற. நாம் செப்டம்பரின் 30 நாளை வாங்கினோம், அது முந்தைய தேதியின் மாதமான அக்டோபரின் 31 நாளை வாங்குகிறது. மறுமுனையிலிருந்து எண்ணினால் அதன் கணக்கும் சரியாகவே வரும்: 10.10.1895-லிருந்து 8 வருடம் 11 மாதம் பின்னால் போனால் 10.11.1886, அங்கிருந்து அக்டோபர் 29 வரை 12 நாள். மாதம் என்பது நிலையான அளவு இல்லை. அதனால் "மாதம், நாள்" என்ற விடைக்கு எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினோம் என்பதும் சேர்த்துத்தான் பொருள். நாள் கணக்கு மட்டுமே (3268) யார் எண்ணினாலும் மாறாதது.

மாதத்தைக் கூட்டுவதிலும் இதே வில்லங்கம். மை எஸ்க்யூஎல்லில் 2024 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 29. சரி, அந்த இரண்டு தேதிக்கும் நடுவே எத்தனை மாதம் என்று திருப்பிக் கேளுங்க, 0 என்று சொல்லும். அதுவே கூட்டிய ஒரு மாதம் அதற்கே தெரியாது!

சிலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று நாள் எண்ணிக்கையை 365-ஆல் வகுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் கவனமானவர்கள் 365.25-ஆல். இரண்டையும் உடைக்க ஒரு நல்ல டெஸ்ட் டேட்டா நம்ம பள்ளத்தாக்கிலேயே இருக்கு. பெரியாறு குத்தகை 1.1.1886 முதல் 999 வருடம். அதாவது 1.1.2885 பிறக்கும்போது 999 வருடம் நிறைந்திருக்கும். இடையில் 2000, 2400, 2800 மூன்றும் லீப் வருடம். 1900, 2100, 2200, 2300, 2500, 2600, 2700 ஏழும் லீப் இல்லை. ஆக மொத்தம் 243 லீப் நாள், 3,64,878 நாள். இதை 365-ஆல் வகுத்தால் 999.67, ரவுண்டு செய்தால் 1000. 365.25-ஆல் வகுத்தால் 998.98, பின்னத்தை வெட்டினால் 998. இருக்கிற குத்தகையில் ஒரு வருடத்தைக் கூட்டவும் குறைக்கவும் வகுத்தல் குறியே போதும். டைம்ஸ்டாம்ப்டிஃப் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் 999 என்கிறது, ஏனென்றால் அது வகுப்பதில்லை, காலண்டரில் நடந்து போகிறது.

(அந்தக் குத்தகையின் கடைசி நாள் 31.12.2884-ஆ, 1.1.2885-ஆ என்று கேட்டால் அது வக்கீல் வேலை. ஆனால் இந்தக் குழப்பம் சட்டத்துக்கும் தெரியும். 1897-ஆம் வருட ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, ஒரு நாள் "முதல்" என்று காலத்தைக் குறிக்கும் சட்டங்களில் அந்த முதல் நாளை எண்ணாமல் விடுவதற்கென்றே எழுதப்பட்டது.)

இந்தத் தேதிகளை எந்த டைப்பில் வைப்பது என்பதையும் பார்த்துவிடணும். மை எஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் டைப் 1970-இல் தொடங்கி 19.1.2038-உடன் நின்றுவிடும். குத்தகையின் தொடக்கமும் அதில் ஏறாது, முடிவும் ஏறாது. டேட் டைப் என்றால் 9999 வரை தாங்கும். எக்செல்லில் 1900-க்கு முந்தைய தேதியே கிடையாது. 1886 என்று அடித்தால் அது வெறும் எழுத்தாக உட்கார்ந்திருக்கும். போதாததுக்கு 1900-ஐ லீப் வருடம் என்று எக்செல் நம்புகிறது. லோட்டஸ் 1-2-3 செய்த பிழையோடு ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே வைத்துக்கொண்டது.

இதுவரை சொன்னது ஒரு நாள், ஒரு வருடம் விலகுகிற கணக்கு. அந்த ஒரு நாள் எங்கே ஆளைக் கடிக்கும் என்பதற்கு எங்க ஊர் ராயப்பன்பட்டியைச் சொல்லலாம். இங்கேயும் பக்கத்து ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டியிலும் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது ஞாபகம் இருக்கும். மற்ற ஊர்களில் திராட்சைக்கு ஒரு சீசன். இங்கே வருடம் பூராவும் காய். ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது வரப்புக்கு அந்தப் பக்கம் அறுப்பு நடக்கும். ஆகவே ஊருக்கு ஒரு தேதி என்பது கிடையாது, தோட்டத்துக்குத் தோட்டம் தனிக் கணக்கு. மினி புராஜெக்டுக்கு இதைவிட நல்ல டேபிள் கிடைக்காது: தோட்டம், கவாத்து தேதி, மருந்து அடித்த நேரம், அறுவடை தேதி.

மருந்து டப்பாவில் கடைசியாக அடித்ததற்கும் அறுப்புக்கும் நடுவே இத்தனை நாள் விடணும் என்று போட்டிருக்கும். 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். உங்க ஆப், 30 நாள் ஆனதும் "அறுக்கலாம்" என்று பச்சை காட்டணும். அவ்வளவுதானே என்று டேட்டிஃப் போடுகிறோம்.

வெயில் ஏறுவதற்கு முன்னாடி மருந்து அடிப்பவர் ஜூன் 2 விடிகாலை 5 மணிக்கு அடித்துவிட்டு அப்பவே ஆப்பில் பதிகிறார். கிளவுடில் இருக்கிற சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் ஓடும்; நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். ஆக, பதிவானது ஜூன் 1 இரவு 11.30. ஜூலை 1 காலை பத்து மணிக்கு ஆப்பைத் திறக்கிறார். சர்வருக்கு அப்போது ஜூலை 1 காலை 4.30. டேட்டிஃப் மணியைப் பார்க்காது, தேதியை மட்டும் கழிக்கும்: ஜூலை 1-க்கும் ஜூன் 1-க்கும் நடுவே 30. பச்சை! உண்மையில் ஆனது 29 நாளும் 5 மணி நேரமும். ஒரு நாள் முன்னாடியே பழம் கூடைக்குப் போய்விட்டது. அதைச் சாப்பிடப் போவது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை.

இதில் மோசமானது என்னவென்றால், சோதனையில் இது சிக்காது. காலை 5.30-க்குப் பிறகு பதிகிற எல்லாவற்றுக்கும் விடை சரியாகவே வரும். நாம் லேபில் பத்து மணிக்கு மேலதான் டெஸ்ட் செய்கிறோம்.

வழி என்ன? கவாத்து தேதி போல நாள் மட்டுமே முக்கியமானதை டேட் டைப்பில், நம்ம ஊர்த் தேதியாகவே வையுங்க; அதற்கு மணி தேவையே இல்லை. மருந்து நேரம் போல மணியும் வேண்டியதை டைம்ஸ்டாம்பில் வைத்தால், மை எஸ்க்யூஎல்லுக்கு கனெக்ஷன் போடும்போதே டைம்சோனை +05:30 என்று சொல்லிவிடுங்க. சேமித்த நேரமும் "இன்றைய தேதி"யும் இந்திய நேரத்துக்கு வந்துவிடும். போஸ்ட்கிரஸில் ஆசியா/கொல்கத்தா டைம்சோனுக்கு மாற்றிய பிறகுதான் தேதியைப் பிரிக்கணும், பிரித்த பிறகு மாற்றினால் பிரயோஜனம் இல்லை. அதோடு மருந்து அடித்த நாளை எண்ணிக்கையில் சேர்க்கவே கூடாது. மேலே சொன்ன உதாரணத்தில் பச்சை விழ வேண்டியது ஜூலை 2.

இந்தியாவில் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தைத் தள்ளிவைக்கும் பழக்கம் இல்லாததால் இவ்வளவு சுலபமாகத் தப்பிக்கிறோம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இங்கேயும் ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைத்திருந்தார்கள். பழைய பதிவுகளை ஏற்றுகிறவர்களுக்கு அது தெரிந்திருக்கணும்.

குவெரி எழுதும்போது இரண்டு விஷயம். "டேட்டிஃப்(இன்று, மருந்து தேதி) 30-க்குக் குறையாதவை" என்று தேடினால் டேபிளின் ஒவ்வொரு வரிக்கும் ஃபங்ஷன் ஓடும், இன்டெக்ஸ் சும்மா இருக்கும். "மருந்து தேதி, இன்றிலிருந்து 30 நாள் முந்தியதோ அதற்கும் முன்னதோ" என்று திருப்பி எழுதினால் இன்டெக்ஸ் வேலை செய்யும். அடுத்தது, இன்னும் அறுக்காத தோட்டத்தில் அறுவடை தேதி நல்லாக இருக்கும். அதிலிருந்து கவாத்து தேதியைக் கழித்தாலும் நல்தான். சராசரி எடுக்கும்போது அந்த வரிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். நோய் தாக்கி அறுப்பு தள்ளிப்போன தோட்டங்கள்தான் அதில் அதிகம் இருக்கும் என்பதால், கவாத்திலிருந்து அறுப்பு வரை ஆகும் நாள் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அவற்றை "இன்று வரை இத்தனை நாள்" என்று தனிப் பட்டியலாகக் காட்டுங்க. சராசரியில் கலக்க வேண்டாம்.

லேபில் செய்து பார்க்க நான்கு வரிகள்: 29.10.1886–10.10.1895, 1.1.1886–1.1.2885, 31.1.2024–29.2.2024, ஜூன் 2 காலை 5.00 – ஜூலை 1 காலை 10.00, சர்வர் யூடிசியில். ஒவ்வொன்றையும் நாளில், முழு மாதத்தில், முழு வருடத்தில் கேளுங்க. முதலில் பேப்பரில் விடையை எழுதி வைத்துவிட்டு, அப்புறம் என்டரைத் தட்டுங்க.