கன்டெய்னர் நம்பர் சரியா? எக்செல்லில் ஒரு தொழிற்பயிற்சி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு மாதம் கழித்துக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டைப் செய்யத் தெரியும், எக்செல் திறக்கத் தெரியும். இதை வைத்து வேலை கிடைக்குமா?" எக்செல் மட்டும் தெரிந்தால் போதாது. ஒரு தொழிலும் தெரிந்து, அதில் எக்செல்லைப் பயன்படுத்தவும் தெரிந்தால் உங்களுக்கு மதிப்பு உண்டு. தூத்துக்குடி துறைமுகத் தொழிலிலிருந்து ஒரு சிறிய பயிற்சியை இந்த மாதம் பார்ப்போம்.

தூத்துக்குடிக்குத் தொழில் மாறுவது புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் நூற்றாண்டுகளாக நடந்த முத்துக்குளிப்பு 1961-இல் கடைசியாக நடந்தது. சிப்பி குறைந்ததும், மூச்சடக்கி மூழ்கும் திறமைக்கு அந்த வேலை இல்லாமல் போனது. 1973-இல் இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டு, 1974-இல், புதிய துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பிறகு கன்டெய்னர் வந்தது. மூட்டையைத் தோளில் சுமந்த இடத்தில் இன்று கிரேன் பெட்டியைத் தூக்குகிறது. மூட்டைகளை எண்ணிய இடத்தில் கன்டெய்னர் நம்பரைப் பதிவு செய்கிறார்கள். அந்த நம்பரில் ஓர் இலக்கம் தவறினால் பெட்டி ஓரிடத்திலும் பேப்பர் வேறிடத்திலும் நிற்கும்.

கன்டெய்னர் நம்பரின் அமைப்பு

ஒவ்வொரு பெட்டியிலும் 4 ஆங்கில எழுத்துகள், 6 இலக்கங்கள், கடைசியாகத் தனியே ஓர் இலக்கம் இருக்கும். முதல் 3 எழுத்துகள் உரிமையாளரைக் குறிக்கும். நான்காவது எழுத்து சரக்குப் பெட்டி என்றால் 'யு'. கடைசி இலக்கத்தின் பெயர் செக் டிஜிட். மற்ற பத்தையும் சரியாகப் பதிந்தோமா என்று காட்டுவது இதுதான். ஐ.எஸ்.ஓ. 6346 என்ற உலகத் தரவிதிப்படி இதைக் கணக்கிடுகிறார்கள்.

எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு. ஏ என்றால் 10. அதன்பின் வரிசையாக ஏறும். ஆனால் 11, 22, 33 ஆகிய மூன்றையும் விட்டுவிட வேண்டும். எனவே பி 12, கே 21, எல் 23, யு 32, வி 34, இஸட் 38.

இப்போது செய்து பாருங்கள்

நம் உதாரணம்: சி எஸ் கியூ யு 305438, செக் டிஜிட் 3.

1. எக்செல்லில் புதிய ஒர்க்ஷீட்டைத் திறக்கவும். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்.

2. ஏ1 முதல் ஜே1 வரை உள்ள பத்து செல்களில் 13, 30, 28, 32, 3, 0, 5, 4, 3, 8 என்று டைப் செய்யவும். முதல் நான்கும் எழுத்துகளின் மதிப்பு.

3. ஏ2 செல்லில் 1 என்று கொடுக்கவும். பி2 செல்லில் =ஏ2*2 என்று டைப் செய்து என்டர் தட்டவும். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். பிறகு பி2 செல்லின் வலது கீழ் மூலையில் மவுஸை வைத்தால் சிறிய பிளஸ் குறி வரும். அதைப் பிடித்து ஜே2 வரை இழுக்கவும். 1, 2, 4, 8 என்று இரட்டித்து 512-இல் முடியும்.

4. ஏ3 செல்லில் =ஏ1*ஏ2 என்று கொடுத்து, அதேபோல் ஜே3 வரை இழுக்கவும்.

5. கே3 செல்லைத் தேர்வு செய்து ஆட்டோசம் பட்டனை அழுத்தி, என்டர் தட்டவும். விடை 6185.

6. எல்3 செல்லில் =மாட்(கே3,11) என்று கொடுக்கவும். மாட் என்பதை எம், ஓ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் அடிக்கவும். 11-ஆல் வகுத்த மீதியைத் தரும் ஃபங்ஷன் இது. விடை 3. செக் டிஜிட்டும் 3. நம்பர் சரி!

இப்போது வேண்டுமென்றே தவறு செய்யுங்கள். 5, 4 இரண்டையும் இடம் மாற்றி ஜி1-இல் 4, எச்1-இல் 5 கொடுங்கள். மீதி 1 என்று மாறும். இரண்டு இலக்கம் இடம் மாறியதை ஷீட் பிடித்துவிட்டது. மீதி 10 வந்தால் அதை 0 என்று கொள்ள வேண்டும். இதனால் சில தவறுகள் தப்பிவிடலாம். ஆகவே பெட்டியைக் கண்ணால் பார்ப்பதை நிறுத்த வேண்டாம்.

அடுத்து என்ன?

துறைமுகங்களில் இந்தச் சோதனையை சாஃப்ட்வேரே செய்துவிடும். பிறகு ஏன் கற்க வேண்டும்? சாஃப்ட்வேர் 'தவறு' என்று காட்டும்போது எங்கே தவறு என்று தேடுபவர் மனிதர்தான். சாஃப்ட்வேர் மாறினாலும் கணக்குப் புரிந்தவர் புதியதை விரைவில் பிடித்துக்கொள்வார்.

மேலும் கற்க வழிகள் உண்டு. 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழுக்கான தேர்வுக்குத்தான் பெரும்பாலும் கட்டணம். நேரில் கற்க விரும்புவோருக்கு ஐ.டி.ஐ.க்களில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவு உள்ளது. "வேலை உறுதி" என்று சொல்லிப் பணம் கேட்கும் இடங்களில், சான்றிதழைத் தருவது யார் என்று முதலில் கேளுங்கள்.

2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஊரின் தொழில் மறுபடியும் மாறுகிறது. வாரம் ஒரு மணி நேரமாவது ஒதுக்கி, உங்கள் வீட்டுத் தொழிலின் கணக்கு ஒன்றை எக்செல்லில் போட்டுப் பழகுங்கள். உப்பளமோ, மீன் ஏலமோ, லாரி வாடகையோ, எதுவானாலும் சரி.