மோட்டார் வண்டியின் மூச்சடைப்பு

குருநாகல் வீதியிற் கலகெதர ஏற்றத்தைக் கடந்து கட்டுகஸ்தோட்டைக்கு வரும் பழைய கார், சமதரையில் ஒருவாறு ஓடியும், ஏற்றத்தில் இளைத்து நிற்பதுண்டு. ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினும் எஞ்சினின் வேகம் ஓரளவுக்கு மேல் எழாது. பெற்றோல் மிகுதியாகச் செலவாகும். வண்டியின் அடியிலிருந்து பொறுக்கவொண்ணா வெப்பம் எழும். பெற்றோல் பம்பு பழுது என்பார் ஒருவர். கிளச் தேய்ந்தது என்பார் மற்றொருவர். இரண்டையும் மாற்றிய பின்னரும் குறை தீராதாயின், புகைக்குழாயில் அமைந்துள்ள ஊக்கி மாற்றியைச் சோதித்தல் வேண்டும். கராஜ்களில் இதனைக் கன்வேட்டர் என்பர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதிக்கு 2025 பெப்புருவரியிலேயே மீண்டும் இடமளிக்கப்பட்டது. புதுக்கார்களின் விலையோ பலர்க்கும் எட்டாதது. ஆதலின், இருக்கும் காரைப் பேணுவோர் இவ்வுறுப்பின் இயல்பை அறிந்திருத்தல் நன்று.

ஊக்கி என்றவுடன், பொற்றாசியங் குளோரேற்றுடன் மங்கனீசீரொட்சைட்டைக் கலந்து சூடாக்கி ஒட்சிசன் தயாரித்த இரசாயன ஆய்வுகூடம் பழைய மாணவர்க்கு நினைவில் வரும். (குழாய் வெடிக்குமோ என அஞ்சிப் பின்வரிசைக்கு நகர்ந்தோரும் நம்மிடை இருந்திருப்பர்!) தான் குன்றாது பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்துவதே ஊக்கி. காரில் அத்தொழிலைப் பிளாற்றினம், பலேடியம், உரோடியம் என்னும் உலோகங்கள் செய்கின்றன. தேன்கூட்டை யொத்த பீங்கான் கட்டியொன்றின் நுண்துளைச் சுவர்களில் அவை சில கிராம் அளவே பூசப்பட்டிருக்கும். நச்சுவாயுவாகிய காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோக்காபன்களும் அங்குக் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. நைதரசன் ஒட்சைட்டுக்கள் நைதரசனாகின்றன. இதற்கு ஏறத்தாழ 300 பாகை சதம வெப்பம் வேண்டும்.

பிரான்சிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய இயூசீன் ஊட்ரி என்பார் 1950களிலேயே இத்தகைய கருவியை அமைத்தார். எனினும், அக்காலப் பெற்றோலிற் கலந்திருந்த ஈயம் ஊக்கிக்கு நஞ்சாயமையால் அது கார்களிற் பரவவில்லை. அமெரிக்கக் கார்களில் 1975 முதலே பரவலாயிற்று. இலங்கையில் ஈயங் கலந்த பெற்றோல் 2002இல் நீங்கியது. அதற்கு முன் யப்பானிலிருந்து வந்த கார்களின் ஊக்கி, இங்கு ஊற்றிய பெற்றோலாலேயே செயலிழந்திருத்தல் கூடும். ஆனால், செயலிழத்தல் வேறு, அடைபடுதல் வேறு. செயலிழந்தது புகையைச் சுத்திகரியாது; அடைபட்டதோ புகையை வெளியே விடாது. புகை வெளியேறாவிடிற் புதுக்காற்று எஞ்சினுள் எவ்வாறு புகும்?

இவ்வடைப்புப் பெரும்பாலும் தானாக வருவதன்று. பிளக்கோ, கோயிலோ பழுதாகி ஒரு சிலிண்டர் சரிவரத் தீப்பற்றாதபோது, எரியாத பெற்றோல் மாற்றியினுட் சென்று எரிகின்றது. வெப்பம் 1,400 பாகையை அணுகும்போது பீங்கான் உருகித் துளைகள் மூடிக்கொள்ளும். தேய்ந்த பிஸ்டன் வளையங்களைக் கடந்து எரியும் எஞ்சின் எண்ணெய் சாம்பலாய்ப் படியும். ஹெட் காஸ்கெட் வழியே கசியும் குளிர்ப்புநீரும் ஊக்கியைக் கெடுக்கும். பற்றரி இறங்கிய காரைச் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்வது மலைநாட்டில் நமக்குக் கைவந்த கலை. அதனைத் திரும்பத் திரும்பச் செய்யின், அப்போதும் எரியாப் பெற்றோல் மாற்றிக்கே போய்ச் சேரும். மூலக்குறையைத் தீர்க்காது புதியதைப் பூட்டுவோர், சில மாதங்களில் இன்னொன்றுக்கும் பணங் கொடுக்க நேரும்.

அடைப்பை ஊகத்தால் முடிவுசெய்யலாகாது. எஞ்சினின் உள்ளிழு குழாயில் வெற்றிடமானியைப் பொருத்துக. ஓய்வோட்டத்தில் அது 18 முதல் 21 இரச அங்குலம் வரை காட்டவேண்டுமென நூல்கள் கூறும். அது கடல்மட்டத்துக் கணக்கு. ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஓரங்குலங் குறையும். கண்டிப் பகுதி 1,600 அடியளவு உயரத்தில் இருத்தலின், இங்கு ஒன்றரை அங்குலம் குறைந்து காட்டுவதைக் குறையெனக் கொள்ளற்க. பின்னர் நிமிடத்துக்கு 2,500 சுற்று வேகத்தில் எஞ்சினை நிறுத்திவைத்து நோக்குக. முள் நிலையாக நிற்பின் அடைப்பில்லை எனலாம். மெல்ல மெல்லக் கீழிறங்கின் ஐயுறுக. முன்புற ஒட்சிசன் சென்சரைக் கழற்றி, அத்துளையில் அழுத்தமானியைப் பூட்டிப் பார்த்தல் இன்னும் உறுதியானது. அதே வேகத்திற் சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தலுக்கு மேற் காட்டின் அடைப்பு உண்டு. வண்டி நன்கு ஆறிய பின்னரே சென்சரிற் கைவைத்தல் வேண்டும். எஞ்சினை மூடிய கொட்டகையுள் ஓடவிடல் உயிருக்கே ஆபத்து.

கரி மட்டும் படிந்திருப்பின், மூலக்குறையைத் திருத்திய பின் தம்புள்ளைக்கு அப்பாலுள்ள சமதரையில் நெடுந்தூரம் ஓடுவதால் அது எரிந்து நீங்குதலும் உண்டு. உருகிய பீங்கானை எம்மருந்தும் திறக்காது. தாங்கியில் ஊற்றும் சுத்திகரிப்புத் திரவங்களிடம் அவ்வற்புதத்தை எதிர்பார்த்தல் வீண்.

உள்ளிருக்கும் பீங்கானை உடைத்தெறிந்து வெறுங்கூட்டைப் பூட்டிவிடுவோரும் உளர். வண்டி பறக்கும், செலவும் குறைவு. ஆனால், கண்டியோ மலைகள் சூழ்ந்த கிண்ணம். மாத்தளை வீதியும் குருநாகல் வீதியுங் கூடும் கட்டுகஸ்தோட்டையில் காலை மாலை ஊர்ந்து நிற்கும் வண்டிகளின் புகை, காற்றோட்டமில்லாப் பொழுதுகளில் எளிதிற் கலையாது. பாடசாலைப் பிள்ளைகள் அதனூடாகவே நடக்கின்றனர். 2008இல் தொடங்கிய புகைப்பரிசோதனையிற் பெற்றோல் வண்டிகளுக்கு அளக்கப்படுவன காபனோரொட்சைட்டும் ஐதரோக்காபன்களுமே. சான்றிதழ் கிடைத்தமை கொண்டு நைதரசன் ஒட்சைட்டுக்களும் நீங்கினவென எண்ணலாகாது.

புதியது வாங்க இயலாதோர் பழைய உறுப்புக் கடைகளை நாடுவர். அங்கு வாங்குமுன் அதனைக் குலுக்கிப் பார்க்க. உள்ளே கலகலத்தால் பீங்கான் உடைந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளைகளை நோக்குக. பூட்டியபின், சூடேறிய எஞ்சினில் இரு ஒட்சிசன் சென்சர்களின் அளவீட்டையும் ஸ்கானரில் ஒப்பிடுக: முன்னது விரைந்து ஏறியிறங்க, பின்னது பெரும்பாலும் அசையாதிருப்பின் மாற்றி தொழில்செய்கின்றது. இரண்டும் ஒன்றுபோல ஆடினால், கடைக்காரரிடம் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுக.