வயது சென்ற காவல் நாய்க்கு ஏற்ற ஆகாரம்

செங்கல்பட்டு ஜில்லாவின் கிராமங்களில் வேர்க்கடலைக் கொல்லையையும் களத்து மேட்டையும் ஆட்டுக்கிடையையும் இராக்காலத்தில் காத்து நிற்பது பெரும்பாலும் நாட்டு நாயே. உழவு மாட்டுக்கு வயதானால் அதன் தீனியைப் பற்றிக் கவலை கொள்ளும் குடியானவர், காவல் நாய்க்கு வயதானால் அதன் ஆகாரத்தைக் கவனிப்பது அரிது. ஒன்று, இளமையில் போட்ட கஞ்சியும் கருவாட்டுத் தலையுமே கடைசிவரை போடப்படுகின்றன. அல்லது, இனிக் காவலுக்கு உதவாதென்று சோறு பாதியாகக் குறைக்கப்படுகிறது. இவ்விரண்டும் தவறாகும். முதிய நாய்க்குச் சோற்றின் அளவைச் சிறிது குறைக்கலாம். தசையை வளர்க்கும் புரதச் சத்தைக் குறைக்கலாகாது. உப்பையும் பூசணத்தையும் அறவே விலக்க வேண்டும்.

முதுமையை அறியும் விதம்

பதினைந்து முதல் இருபது கிலோ எடையுள்ள நடுத்தர நாய், உத்தேசமாய் 7 அல்லது 8 வயதில் முதுமை எய்தத் தொடங்குகிறது. முகவாயில் நரை காணும். கண்ணில் நீலம் படரும். படுத்து எழும்போது பின்னங்கால்கள் பிடித்துக்கொள்ளும். வளர்ந்த நாய்க்குள்ள 42 பற்களில் சில தேய்ந்தும் சில ஆடியும் போகும். ஓட்டமும் நடமாட்டமும் குறைவதால், அதற்கு வேண்டிய உஷ்ண சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆனால் முதுமையில் தசை தானே கரையும் இயல்புடையது. ஆதலின், புரதம் குறைந்தால் நாய் விரைவில் தளர்ந்து விழும்.

ஆகாரம் போதுமா என்பதைக் கையாலேயே அறியலாம். விலாவைத் தடவினால் எலும்புகள் எளிதில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிடில் நாய் கொழுத்திருக்கிறது. சோற்றைக் குறைக்க வேண்டும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டிருந்தால் ஆகாரம் போதவில்லை, அல்லது உள்ளே நோய் இருக்கிறது.

தினப்படி ஆகாரம்

நோயற்ற, 15 கிலோ எடையுள்ள முதிய நாய் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு வேண்டியவை வருமாறு:

1. குழைய வடித்த சோறு — 300 கிராம்.
2. வேகவைத்து முள் நீக்கிய மீன், அல்லது எலும்பு நீக்கிய கோழி இறைச்சி — 150 கிராம்.
3. வேகவைத்த முட்டை — 1.
4. வேகவைத்து மசித்த பூசணிக்காய் அல்லது கேரட் — 50 கிராம்.
5. எண்ணெய் — 1 தேக்கரண்டி.
6. முட்டை ஓட்டுப் பொடி — அரைத் தேக்கரண்டி.

எலும்பு நீக்கிய இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ஆகையால் முட்டை ஓட்டைக் கொதிநீரில் இட்டு, உலர்த்தி, மாவாக இடித்துச் சேர்க்க வேண்டும். மேற்சொன்ன அளவில் ஏறக்குறைய ஒரு கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு; இந்நாய்க்கு அது போதும்.

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் முதலிய கரையோர ஊர்களில் உள்ளவர்கள் சூடை, கவலை போன்ற சிறு மீன்களைக் கொடுக்கலாம். இவற்றைப் பச்சையாகப் போடலாகாது. இவ்வகை மீன்களில் உள்ள ஒரு பொருள், உடலுக்கு வேண்டிய வைட்டமின் பி1 என்னும் சத்தை அழித்துவிடும். வேகவைத்தால் அப்பொருள் கெட்டுப்போகும். மாமிசம் புழங்காத வீட்டார் குழைய வெந்த பயற்றம் பருப்பும் தயிரும் கொடுக்கலாம். ஆயினும் முட்டையேனும் சேர்ப்பது நலம். பால் சில நாய்களுக்குப் பேதியை உண்டாக்கும்.

இவ்வாகாரத்தை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். முதிய நாய்க்கு மோப்பம் மங்குவதால், இளஞ்சூடாகக் கொடுத்தால் விருப்பத்துடன் உண்ணும். பழைய ஆகாரத்திலிருந்து புதியதற்கு ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். நல்ல தண்ணீர் எந்நேரமும் நிழலில் இருத்தல் அவசியம்.

விலக்க வேண்டியவை

கருவாடு: இதில் உப்பு மிகுதி. முதுமையில் இருதயமும் சிறுநீரகமும் தளர்ந்திருக்குமாதலால், மிகுந்த உப்பு அவற்றுக்குப் பெருஞ் சுமையாகும். ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுதும் நீங்குவதில்லை.

மிச்சக் குழம்பு: வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களைச் சிதைக்கும். வெந்தாலும் அக்குணம் மாறாது.

பூசணம் பிடித்த கடலையும் பிண்ணாக்கும்: மாட்டுக்கு ஆகாதென ஒதுக்கிய பிண்ணாக்கைக் கஞ்சியில் கரைத்து நாய்க்கு ஊற்றுவது உண்டு. இது விஷம் வைப்பதற்கு ஒப்பாகும். ஈரமான கடலையில் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்லடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. 1960ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் வேர்க்கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஒரு லக்ஷத்துக்கு மேல் மாண்டபோதுதான் இந்நஞ்சு கண்டறியப்பட்டது. 1974ஆம் வருஷத்தில் ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்கள் கல்லீரல் கெட்டு இறந்தனர். அதே உணவை உண்ட வீட்டு நாய்களும் மடிந்தன. இந்நஞ்சு கொதிக்க வைத்தாலும் போவதில்லை. நாய்க்கு ஆகாத பிண்ணாக்கு, கறவை மாட்டுக்கும் ஆகாது. நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கும்.

பச்சைக் குடலும் ஈரலும்: ஆடு அறுத்த இடத்தில் நீர்க்கட்டியுள்ள ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு எறிவதால், அதன் குடலில் நாடாப்புழு உண்டாகிறது. அப்புழுவின் முட்டைகள் வீட்டாரின் வயிற்றிற் சென்றால் அவர்களுக்கும் கட்டிகள் உண்டாகும். கட்டியுள்ளவற்றைப் புதைத்துவிட வேண்டும். மற்றவற்றை நன்கு வேகவைத்தே கொடுக்க வேண்டும்.

எலும்பும் பேத்தை மீனும்: வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். வலையிலிருந்து மணலில் எறியப்படும், வயிற்றை ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் கொடிய நஞ்சுடையது.

நோய்க்குறிகள்

நாய் வழக்கத்திற்கு மேல் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தாலும், வாய் நாற்றம் மிகுந்தாலும், நன்றாய் உண்டும் இளைத்தாலும், கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். சிறுநீரக நோய் கண்ட நாய்க்கு மேற்கண்ட அளவு பொருந்தாது. வைத்தியர் சொல்லும் அளவே பொருந்தும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

சோறு குறைக்கப்பட்ட முதிய நாய் வீட்டில் தங்குவதில்லை. அது குப்பை மேட்டையும் செத்த பிராணிகளையும் நாடிச் சென்று, தெரு நாய்களுடன் சண்டையிட்டு, வெறிநோய் பற்றிக்கொண்டு திரும்பவும் கூடும். அதனால் ஆபத்துக்குள்ளாவது அந்த வீட்டுக் குழந்தைகளும் அண்டை வீட்டாருமே. ஆகையால், வயது சென்றதென்று வருடாந்தர வெறிநோய்த் தடுப்பூசியை நிறுத்தலாகாது.

வளர்த்த பிராணிக்குப் போதிய உணவும் நீரும் கொடாமையும், பசியால் வாடும்படி அதைக் கைவிடுவதும், 1960ஆம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றமாகும். இச்சட்டத்திற்கு வழிகோலியவர், சென்னை ராஜதானியில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் ஆவார். ஆயினும் சட்டத்திற்கு அஞ்சிச் செய்வதைவிட, கணக்கறிந்து செய்வதே குடியானவருக்கு அழகு. ஒரு முட்டை, ஒரு கை மீன், உப்பில்லாத சோறு ஆகிய இவ்வளவே முதிய நாய்க்கு வேண்டும். பல வருஷம் கண்விழித்துக் களத்தைக் காத்த பிராணிக்கு இது தானமன்று. கொடுக்க வேண்டிய கூலியேயாகும்.