பூனைக்கு மீன் தலைச்சோறு மட்டும் போதாது

கொழும்பு கொட்டாஞ்சேனை வீடுகளில் பூனைக்கென்று வைப்பது அநேகமாக மீன் தலை பிசைந்த சோறுதான். எலி தின்னும் பூனைக்கோ இறைச்சி, எலும்பு, ஈரல், இதயம் எல்லாம் ஒன்றாகவே கிடைத்துவிடும். இறைச்சியில் உள்ள டோரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்துபோவதை 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கோழி இதயத்தில் டோரின் தாராளம், விலையும் மலிவு. அவித்தால் அந்தத் தண்ணீரையும் சேர்த்து ஊற்றுங்கள். டோரின் அதில் கரைந்துவிடும். ஈரல் கொஞ்சம் போதும், மிஞ்சினால் விற்றமின் ஏ நஞ்சாகும். சில பச்சை மீன்கள் விற்றமின் பி1ஐ அழிக்கும், ஆகவே மீனை அவித்தே கொடுங்கள். அவித்த எலும்பு கூராக உடையும், வேண்டாம். வெங்காயம் போட்ட சொதி, பூனை எவ்வளவு கெஞ்சினாலும், கூடவே கூடாது. பச்சை இறைச்சி வைத்தால், கொழும்பு வெக்கையில் மிச்சத்தை உடனே எடுத்துவிட்டு, கோப்பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இறைச்சியை உறையவைத்தாலும் எல்லாக் கிருமியும் சாகாது.